மேஜையா, திரையா: ஆர்பிஜி ஆட எது நல்ல இடம்?

எங்கள் குழுவில் ஐந்து பேர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டு முன்னறையில் ஆரம்பித்தோம். இன்றைக்குச் சேலத்தில் மிச்சம் இருப்பது நானும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரும்தான். ஒரு தோழி பெங்களூரில், இன்னொருவர் துபாயில் நர்ஸாக, தம்பி ஒருவன் டொராண்டோவில். ஆட்டம் மட்டும் நிற்கவே இல்லை. மூன்று வருடம் நேரில் ஆடினோம், அப்புறம் ஆன்லைனில், நடுவில் கொஞ்ச நாள் இரண்டையும் கலந்தும் பார்த்தோம். புதிதாக ஆட வருகிறவர்கள் "எது நல்லதுங்ணா?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம் என்ற இந்த ஆட்டமே தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒருவர் கதையை நடத்துவார், அவரை ஜிஎம் (கேம் மாஸ்டர்) என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஜிஎம் ஒரு சூழலைச் சொல்லி, "என்ன பண்றீங்க?" என்று கேட்பார். செய்வது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கியது இது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜிஎம் வேலை புதிதாகத் தெரியாது. கட்டியக்காரன் செய்வதுதான். ராஜாவை அறிமுகம் செய்வான், அடுத்த நிமிடம் அவனே காவல்காரன், அதற்கடுத்து தூதன், நடுவில் சபையைப் பார்த்தும் பேசுவான். கூத்தில் துரியோதனன் விழுவான் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யார் விழுவார் என்று கட்டியக்காரனுக்கே தெரியாது.

பகடை கையில் இருக்கும்போது

என் பாட்டி தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உரசி, தரையோடு உருட்டிவிடுவார். பித்தளை சிமெண்டுத் தரையில் ஓடும் அந்தச் சத்தம் வந்தாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இருபது முகப் பகடைக்கும் அதே குணம் உண்டு. நாங்கள் எவர்சில்வர் தட்டில் ஒரு துண்டை விரித்து அதில் உருட்டுவோம். துண்டு இல்லாவிட்டால் தட்டிலிருந்து எகிறி பீரோவுக்கு அடியில் போய்விடும்.

கொல்லிமலையில் நடக்கிற ஒரு நீளமான கதையை அப்போது நடத்திக்கொண்டிருந்தேன். வல்வில் ஓரி காலம். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக ஊடுருவிப் போனதாகச் சங்கப் பாடல் சொல்கிறதே, அந்த ஓரி. கொலுசுப் பட்டறை நண்பர் அவனுடைய படையில் வில்லாளி. ஒரு நாள், "ஓரி மாதிரி ஒரே அம்புல மூணு பேரையும் அடிக்கிறேன்" என்றார். சரி, இருபது விழுந்தால் நடக்கும் என்று ஒத்துக்கொண்டேன். நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. அவர் பகடையை உடனே போடவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டோம், யாரும் சொல்லாமலே. தட்டில் விழுந்து, விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, துண்டின் மடிப்பில் சாய்ந்து நின்றது. இருபது. அன்றைக்குப் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டார்.

ஆன்லைனில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம், எண் வருகிறது. முப்பரிமாணப் பகடை திரையில் உருளும் வசதியும் இருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் போடுகிறவர் தயங்குவதை நம்மால் பார்க்க முடியாது. பகடையின் சுவையில் பாதி அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

திரைக்கும் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு பிசகாது, எல்லோரும் பார்க்கவே எண் விழும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதியில், சாதகமான நிலையில் இருந்தால் இருபது முகப் பகடையை இரண்டு முறை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இதில் சராசரி 10.5இலிருந்து ஏறக்குறைய 13.8க்கு ஏறும். நேரில் ஆடும்போது இந்த இரண்டாவது பகடையை மறப்பவர்கள் அதிகம். திரையில் மறக்கவே வழியில்லை.

மௌனம்

இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு தடவை ஏற்காட்டில் ஒரு சின்ன ஹோம்ஸ்டேயில் தங்கி, கால் ஆஃப் கதுலு ஆடினோம். 1981இல் வந்த திகில் ஆட்டம். சண்டை போட்டு ஜெயிப்பது குறைவு, தேடித் துருவிப் பயப்படுவது அதிகம். வெளியே பனி இறங்கி எதிர்ப்பக்கத்து சில்வர் ஓக் மரங்களே தெரியவில்லை. கரண்ட் போயிருந்தது. ஒரு டார்ச்சை மேஜையில் நிறுத்தி வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். காப்பித் தோட்டத்துப் பழைய பங்களா, மேல்மாடியில் காலடிச் சத்தம், அது இவர்கள் இருக்கும் அறை வாசலில் வந்து நின்றது. "என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

யாரும் பேசவில்லை. அரை நிமிடம் இருக்கும். தம்பி மெதுவாக எழுந்துபோய், எங்கள் அறையின் நிஜ ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அந்த அரை நிமிடம் முழுக்க ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "நீ சொல்லு" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதே கதையை வேறொரு குழுவுக்கு டிஸ்கார்ட் என்ற குரல் அழைப்புச் செயலியில் நடத்தினேன். அதே பங்களா, அதே காலடி, அதே கேள்வி. ஐந்து விநாடிகூட ஆகவில்லை. "ஹலோ, கேக்குதா?" "எனக்குக் கேக்குது, உங்களுக்கு?" "நெட் போச்சா?" அவ்வளவுதான், பயம் கலைந்துவிட்டது. அவர்கள்மேல் தவறு இல்லை. ஆன்லைனில் மௌனம் என்றால் பழுது என்று நம் காது பழகியிருக்கிறது. திகில், துக்கம், காதல் என்று பேச்சு நின்றுபோகிற இடங்களில் கனம் ஏறும் கதை எதுவானாலும் அதை நேரில் ஆடுங்கள். முடியாவிட்டால், "இப்ப பத்து விநாடி யாரும் பேச வேண்டாம்" என்று ஜிஎம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஓரளவுக்குப் பலன் இருக்கிறது.

பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் இப்படித்தான். நேரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் காது பிரித்து எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஓரமாகப் போய்த் திட்டம் போடலாம். குரல் அழைப்பில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் போய்விடும். ஒருவர் முடிக்கக் காத்திருந்து அடுத்தவர் பேசுவதால் சண்டை சச்சரவுக் காட்சிகூட மீட்டிங் மாதிரி ஆகிவிடுகிறது.

திரை ஜெயிக்கும் இடங்கள்

ரகசியம் காப்பது ஒன்று. மேஜையில் ஒருவருக்குச் சீட்டு எழுதி நீட்டினால் மற்ற மூவரும் அதையே பார்ப்பார்கள், அவர் முகத்தையும் படித்துவிடுவார்கள். ஆன்லைனில் தனிச்செய்தி போனதே யாருக்கும் தெரியாது. எங்கள் கொல்லிமலைக் கதையில் ஒரு பாத்திரம் ஏழு செஷன் எதிரிக்கு ஒற்றனாக இருந்தது. நேரில் என்றால் இரண்டாவது செஷனிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கூச்சம் இன்னொன்று. பெங்களூர் தோழி மேஜையில் அதிகம் பேச மாட்டார். தன் முறை வந்தால் இரண்டு வாக்கியம், அதோடு சரி. கேமராவை அணைத்துவிட்டு ஆட ஆரம்பித்த மாதத்தில், எண்பது வயது மருத்துவச்சியாக அவர் பேசிய குரலைக் கேட்டு நாங்கள் அசந்துபோனோம். பொக்கை வாயில் காற்றுப் போகிற பேச்சு, நடு நடுவே இருமல், "ஏஞ்சாமி" என்று இழுவை. யாரும் பார்க்கவில்லை என்றதும்தான் அந்தக் கிழவி வெளியே வந்தாள். பெண்கள் ஆட வருவதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. செஷன் முடிய ராத்திரி பத்தரை ஆகிவிடும். அம்மாபேட்டைக்கோ கன்னங்குறிச்சிக்கோ தனியாக வண்டி ஓட்டிப் போக வேண்டுமே என்ற கவலை, நல்ல ஆட்டக்காரர் பலரை மேஜைப் பக்கமே வரவிடாமல் செய்திருக்கிறது. ஆன்லைனில் அந்தக் கவலை இல்லை.

நேரமும் கூடி வருகிறது. ஞாயிறு இரவு 8 மணிக்கு நாங்கள் உட்கார்ந்தால் துபாயில் 6.30, டொராண்டோவில் கோடையில் காலை 10.30. எல்லோருக்கும் ஒத்துவருகிற நேரம்.

மேப் என்று வந்தால் பேச்சே இல்லை, திரைதான். நேரில் நாங்கள் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் கோட்டை வரைந்து, வீரர்களுக்குச் சோழி, எதிரிகளுக்குப் புளியங்கொட்டை வைத்தோம். எனக்குப் புளியங்கொட்டைப் படை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இருட்டுக் குகையில் யாருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதைப் பேப்பரில் காட்ட முடியாது. திரையில் பந்தம் பிடித்தவர் நகர நகர, வெளிச்சம் விழும் இடம் மட்டும் திறக்கும்.

இப்படித் திரையில் மேப் போட்டு ஆட மூன்று வழி. எளிதாகப் படத்தைப் போட்டு, பாத்திரத்தைக் குறிக்கும் டோக்கனை நகர்த்தினால் போதும் என்றால் ஔல்பேர் ரோடியோ. கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத் தாள்), பகடை எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகத் தொடங்க வேண்டும் என்றால் 2012இலிருந்து இருக்கும் ரோல்20. எல்லாவற்றையும் தன் விருப்பப்படி மாற்றியமைக்க நினைப்பவர்களுக்கு 2020இல் வந்த ஃபவுண்டரி. ஜிஎம் மட்டும் ஒரே தடவை 50 டாலர் கட்டினால் போதும், மற்றவர்கள் பிரவுசரிலேயே சேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஃபவுண்டரியை நம் கணினியிலேயே ஓட்டும்போது ஒரு சிக்கல் வரும். வீட்டு பிராட்பேண்டில் பல இடங்களில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி இருந்தால் வெளியிலிருந்து நம் கணினிக்கு நேராக வர வழி கிடையாது. நான் இரண்டு ஞாயிறை இதில் தொலைத்துவிட்டு, கடைசியில் வாடகை சர்வருக்குப் போனேன். முதல் தடவை நடத்துகிறவர்கள் ஃபவுண்டரியில் ஆரம்பிக்க வேண்டாம்.

மேப் அழகாக இருப்பதில் ஜிஎம்முக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நேரில் அரைப் பக்கக் குறிப்போடு உட்காருவேன். "கோட்டைக்குப் போகல, ஆற்றைத் தாண்டுறோம்" என்றால் சரி என்று ஆற்றைச் சொல்ல ஆரம்பித்துவிடலாம். நாலு மணி நேரம் உட்கார்ந்து கோட்டைக்கு மேப் போட்டுவிட்டால் அவர்களை எப்படியாவது கோட்டைக்குள் தள்ளத்தான் மனசு போகிறது. இதை என்னிடமே பார்த்தபிறகு, செஷனுக்கு ஒரு மேப் என்று நிறுத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் வாய்வார்த்தைதான்.

செலவு

இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், தமிழில் மொழிபெயர்த்தும் பகிரலாம். இதை யாராவது முழுதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பல முகப் பகடை கிடைக்கவில்லையா, 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில் வந்த ஆட்டங்கள் இருக்கின்றன. லூடோ பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 10 அல்லது மேலே என்றால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 என்றால் நடக்கும் ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், 6 அல்லது கீழே என்றால் சிக்கல். நேரில் ஆடுவதில் கூடுதல் செலவு தட்டுவடை செட்டுக்குத்தான். அந்த இடைவேளையில் பீட்ரூட் துருவலோடு மென்றுகொண்டே "அந்தத் தளபதியை நம்பலாமா?" என்று பேசிக்கொள்வதும் ஆட்டத்தில் சேர்த்திதான். ஆன்லைன் இடைவேளையில் ஐந்து பேரும் மியூட்.

பாதி நேரில், பாதி திரையில்

இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று பேர் மேஜையில், ஒருவர் மேஜை ஓரத்து லேப்டாப்பில் என்று இரண்டு மாதம் ஆடினோம். லேப்டாப்பில் இருந்த நர்ஸ் அக்காவுக்குத் தட்டுவடை நொறுங்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கிறது. நாங்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்திருக்கிறார். "நான் கேம் ஆடலைங்க, நீங்க ஆடறதைப் பார்த்துட்டு இருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். ஒருவர் திரையில் என்றால் எல்லோரும் திரையில். பட்டறை நண்பரும் நானும் ஒரே ஊரில் இருந்தாலும், அவரவர் வீட்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறோம்.

எங்கள் ஏற்பாடு

நீளமான கதை, சண்டை அதிகம், மேப் அதிகம் என்றால் ஆன்லைன். வாராவாரம் ஆள் கூடினால்தான் நீளமான கதை உயிரோடு இருக்கும், அதைத் திரை தருகிறது. ஒரே இரவில் முடிகிற கதை, திகில், பகை முடிக்கும் காட்சி, ஒரு பாத்திரத்தின் சாவு இதெல்லாம் நேரில். புதியவரைச் சேர்ப்பதானால் முதல் இரண்டு செஷன் நேரில் வையுங்கள். எதெல்லாம் கதையில் வரக்கூடாது, யாருக்கு எது பயம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது முகம் பார்த்துப் பேசும்போதுதான் மனசுவிட்டு வரும்.

கொல்லிமலைக் கதையின் கடைசி செஷனை ஆன்லைனில் ஆட மாட்டோம் என்று நாலு பேரும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். தம்பி டொராண்டோவிலிருந்து ஜனவரியில் வருகிறான். அதுவரை கதையை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே ஹோம்ஸ்டே, அதே மேஜை. திரையில் கோட்டை வாசலில் நிற்கும் நாலு டோக்கன்களையும் சார்ட் பேப்பருக்கு மாற்ற வேண்டும். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் என்று கட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். புளியங்கொட்டை நாற்பது கழுவிக் காயவைத்திருக்கிறேன்.