லடாக் வீட்டுக்கு எது: ஃபிளஷ் கழிப்பறையா, உலர் கழிப்பறையா?

லடாக்கின் லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். ஆண்டு மழை ஏறத்தாழ 100 மி.மீ.தான். ஃபிளஷ் ஒவ்வொரு முறையும் 6 முதல் 10 லிட்டர் தண்ணீர் கேட்கும். மைனஸ் 20 டிகிரி குளிரில் குழாய் உறைந்து வெடிக்கும். செப்டிக் டேங்க் கசிந்தால் நிலத்தடி நீர் கெடும்.

உலர் கழிப்பறைக்குத் தண்ணீரே வேண்டாம். மேல்தளத்தில் துளை, கீழே மூடிய அறை. போய் முடித்ததும் மண்ணும் சாம்பலும் தள்ள வேண்டும். மறந்தாலோ, கழுவிய தண்ணீர் உள்ளே விழுந்தாலோ நாற்றமும் ஈயும்தான். சேர்ந்த எரு வாற்கோதுமை வயலுக்குப் போகும். நன்றாக மக்காவிட்டால் குடற்புழு முட்டைகள் அதில் உயிரோடிருக்கும். ஆகவே இரண்டு அறை கட்டி, ஒன்று மக்கும்போது மற்றதைப் பயன்படுத்துவதே நல்லது. குந்த முடியாத முதியவர்களுக்குத் துளைமேல் மர இருக்கை போதும். அதற்காக ஃபிளஷ் தேவையில்லை.