காரைக்குடியிலிருந்து ஒரு நிர்வாகக் குழு அலுவலகச் சேவை: ஹோலோகாஸ்ட் நினைவு அமைப்புகளுக்கு ஒத்துவருமா?

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இயங்குகிறது இந்த அலுவலகம். வெளிநாட்டு அறநிறுவனங்களின் நிர்வாகக் குழு வேலையை இங்கிருந்தபடியே முடித்துக் கொடுக்கிறார்கள். கூட்டத்துக்கு நாள் குறிப்பது, தாள்களைத் தொகுப்பது, மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எழுதுவது, செயல் இயக்குநரின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிக்கள் நடத்திய யூத இனப்படுகொலையின் நினைவு அமைப்புகளுக்கும் செய்கிறார்கள் என்பதால், அந்த வகை அமைப்பின் தேவையை மட்டும் அளவுகோலாக வைத்து எழுதிய மதிப்பீடு இது. கூட்டத் தாள், மினிட்ஸ், நாட்காட்டி மூன்றையும் தாராளமாக ஒப்படைக்கலாம். உயிர் தப்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போகும் கடிதங்களை ஒப்படைக்கக் கூடாது.

கூட்டத் தாள்தான் இவர்களுடைய பலம். கூட்டத்துக்கு 10 நாள் முன்பே உறுப்பினர் கைக்குப் போய்விடுகிறது. ஒரே கோப்பு, முதலிலிருந்து கடைசி வரை தொடர் பக்க எண். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ‘தகவலுக்கு’, ‘விவாதத்துக்கு’, ‘முடிவுக்கு’ என்று குறிப்பு இருக்கிறது. வழக்கமான ஒப்புதல்களை ஒரே கட்டாக வைத்து ஒரே வாக்கில் நிறைவேற்றிவிடலாம். யாராவது ஒருவர் கேட்டால் அந்தப் பொருளை மட்டும் கட்டிலிருந்து உருவித் தனியாகப் பேசலாம். உறுப்பினர்களில் வயதானவர்கள் நிறையப் பேர் என்பதால் 14 புள்ளி எழுத்தில் அச்சுப் பிரதி கேட்பார்கள். அதை அந்தந்த ஊர் அச்சகத்திலேயே எடுத்துக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. கடைசி நேரத்தில் ஒரு பக்கம் மாறினால் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பிக் குழப்பாமல், மாற்றுப் பக்கத்தை மட்டும் தேதி போட்டு அனுப்புகிறார்கள்.

கணக்குப் பக்கத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊரின் கை அதில் தெரிகிறது. இன்ன வேலைக்கென்று நன்கொடையாளர் கட்டிக் கொடுத்த பணமும் பொதுச் செலவுக்கான பணமும் இரண்டு பத்தியாகப் பிரிந்து நிற்கின்றன. நினைவு அமைப்புகள் வழக்கமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். வங்கியில் பெரிய இருப்பு இருக்கும். அதில் பெரும்பகுதி உயிர் தப்பியவர்களின் வாக்குமூலப் பதிவுகளைப் பாதுகாப்பதற்கென்று வந்ததாக இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்க்கும் குழு, புது ஆள் எடுக்கத் தீர்மானம் போட்டுவிடும்.

தாளில் உள்ள சொற்களைச் சரிபார்ப்பதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் ஒரு சொல் பிசகினாலும் குழுவுக்குள்ளேயே காயம் படும் என்பதால், இதற்காகவே பணம் கொடுக்கலாம். ‘போலந்து மரண முகாம்’ என்ற தொடர் வந்தால் தாள் திரும்பிப் போகிறது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய முகாம் என்றே எழுத வேண்டும். போலந்து கேட்டுக்கொண்டதன் பேரில் 2007-இல் யுனெஸ்கோவே ஆஷ்விட்ஸ் முகாமின் உலகப் பாரம்பரியப் பதிவுப் பெயரில் ‘ஜெர்மன் நாஜி’ என்பதைச் சேர்த்தது. 60 லட்சம் என்பது கொல்லப்பட்ட யூதர்களின் மொத்த எண்ணிக்கை. ஆஷ்விட்ஸில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம், அதில் யூதர்கள் ஏறத்தாழ 10 லட்சம். நிதி கேட்கும் கடிதங்களில் இந்த எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1933-இல் திறந்த டாஹாவ் வதை முகாம். டிரெப்ளிங்கா, சொபிபோர், பெல்செக் கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இங்கே விடமாட்டார்கள்.

பெயர்களுக்கும் ஆளுக்கொரு தாள் இருக்கிறது. ஒரே மனிதரின் பெயர் போலிஷ், இத்திஷ், எபிரேயம், ஆங்கிலம் என நான்கு வடிவத்தில் ஆவணங்களில் கிடக்கும். அவர் தன்னை எப்படி எழுதிக்கொள்கிறாரோ அதுவே எல்லாத் தாளிலும் வரும். லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் மூன்றும் ஒரே ஊர் என்பது தெரியாத ஒரு உதவியாளர் ஒரே குடும்பத்தை மூன்று குடும்பமாக்கிவிடுவார்.

நாட்காட்டி வேலை நம்மூர் ஆட்களுக்கு இயல்பாகவே கைவருகிறது. திதி பார்த்துத் தெவசம் கொடுத்துப் பழகியவர்களுக்கு, சந்திர மாதத்தில் ஓடும் நினைவு நாளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இஸ்ரேலின் ஹோலோகாஸ்ட் நினைவு நாள் யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 27. அது வெள்ளிக்கிழமை விழுந்தால் வியாழனுக்கும், ஞாயிறு விழுந்தால் திங்களுக்கும் நகரும். ஐ.நா.வின் நாளான ஜனவரி 27 நகராது. 1945-இல் ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட தேதி அது, 2005-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வாரம் முழுக்க செயல் இயக்குநருக்குக் கூட்டமே வைப்பதில்லை. யூதப் பண்டிகைகள் முதல் நாள் சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும் என்பதால் முந்தைய மாலையையும் அடைத்துவைக்கிறார்கள். வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடியும் யூத ஓய்வுநாளை மதித்து, அவசரக் கடிதங்கள் வியாழன் இரவோடு போய்விடுகின்றன. நியூயார்க்கில் ஓய்வுநாள் முடியும்போது இங்கே ஞாயிறு விடியற்காலை.

மார்ச் மாதத்தில்தான் கவனம் வேண்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும். ஐரோப்பா மாற்றுவது கடைசி ஞாயிறு, இஸ்ரேல் அதற்கு முந்தைய வெள்ளி. இடைப்பட்ட நாட்களில் கூட்டம் வைத்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவார். அழைப்பை இந்திய நேரத்தில் போடாமல் அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஊர் நேரத்தில் போடுங்கள் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்திய நேரத்தில்தான் போடுகிறார்கள்.

மினிட்ஸ் அளவாக இருக்கிறது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை, சொந்த நலன் காரணமாக வெளியேறியவர் பெயர், அவர் வெளியேறிய பின் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருந்ததா என்பது, அவ்வளவுதான். யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. அமெரிக்க அமைப்புகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவத்தில், கூட்டங்களை உடனுக்குடன் பதிவு செய்தீர்களா, படிவத்தின் பிரதியைத் தாக்கல் செய்யும் முன் எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்தீர்களா என்ற கேள்விகள் உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்காண்டு வைத்திருப்பவர்களுக்குக் கெடு மே 15. ஏப்ரல் கூட்டத் தாளிலேயே படிவத்தை இணைத்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

குறைகளில் பெரியது மின்னஞ்சல் வாக்கு. நம் கம்பெனிச் சட்டத்தின் 175-ஆம் பிரிவில், சுற்றுக்கு விடும் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும். இங்குள்ள ஊழியர்கள் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் படித்தவர்கள், கை அந்தப் பழக்கத்திலேயே போகிறது. நியூயார்க் சட்டத்தில், கூட்டம் கூட்டாமல் முடிவெடுக்க உறுப்பினர் அத்தனை பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் பதில் போடாவிட்டாலும் தீர்மானம் செல்லாது. இவர்களுடைய படிவத்தில் இன்னும் ‘பெரும்பான்மை ஒப்புதல்’ என்றே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது மூடிய அமர்வு. செயல் இயக்குநரின் சம்பளம், பணியாளர் புகார் போன்றவற்றைக் குழு தனியாகப் பேசும்போது குறிப்பெடுப்பவர் வெளியேறிவிடுகிறார். ஆனால் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் அறையிலேயே தங்கிவிடுகிறது. கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் எழுத்து வடிவத்தை அனுப்பியும்விடும். மூடிய அமர்வுக்கு வேறு இணைப்பு வைப்பதுதான் பாதுகாப்பு. கேட்டால் செய்கிறார்கள், தாங்களாகச் செய்வதில்லை.

கடிதங்கள் பற்றி. இரங்கல் செய்திக்கு அச்சு வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள், கூடவே பூங்கொத்து அனுப்பும் பட்டியலும். யூதத் துக்க வீட்டுக்குப் பூ அனுப்புவது வழக்கமில்லை. துக்கம் அனுசரிப்பது 7 நாள், அதற்குள் போய்ச் சேர வேண்டியது இறந்தவரை அறிந்தவர் எழுதிய கடிதம். முகாமிலிருந்து மீண்டு வந்து, வாழ்நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் சாட்சி சொன்ன ஒருவருக்கு அச்சு வார்த்தை போகக் கூடாது. அதைத் தலைவரோ செயல் இயக்குநரோ கையால் எழுத வேண்டும். இறந்த செய்தியை அன்றே அவர்களிடம் சேர்ப்பதோடு இந்த அலுவலகத்தின் வேலை முடியட்டும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனத்தில் வைஃபை ஒரு கட்டைத் தாண்டி அடுத்த கட்டுக்குப் போகாது. முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்திருக்கிறார்கள். கூட்ட இணைப்பு தடுமாறுவதில்லை.

1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கடிதங்களையும் கணக்கேடுகளையும் காக்க நினைக்கும் உள்ளூர் அறக்கட்டளைகளுக்கும் இதே கூட்டத் தாள் முறை பொருந்தும். பெயர்த் தாள் ஒன்றையாவது இவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ரங்கூனில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளின் கடிதங்களில் ஒரே ஆள் பட்டப்பெயரிலும், விலாசம் எனப்படும் முதலெழுத்துகளிலும், தகப்பனார் பெயரோடும் மூன்று விதமாக வருவார்.

கட்டணம் கூட்டக் கணக்கில். நாட்காட்டி வேலைக்கு மட்டும் மாதக் கணக்கு. விலகும்போது மினிட்ஸ், தீர்மானப் பதிவேடு, உறுப்பினர் பதவிக்காலப் பட்டியல், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் எத்தனை நாளில், எந்த வடிவத்தில் ஒப்படைப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. 30 நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.