எக்ஸ்ரே அறைக்குள் போக நாலு வழி: எல்லையோரத்துப் பிள்ளைக்கு எது சரி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. தெருவில் ரேடியோகிராஃபர் நான் ஒருத்தன்தான். அதனால் "எக்ஸ்ரே கோர்ஸ் படிச்சா கல்ஃப் போலாமுங்களா?" என்று கேட்டு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருடம் கேட்டது அக்கா மகளே. அவள் கையில் நாலு காகிதம்: கேரள அரசு ஒதுக்கீட்டு டிகிரி, அதே வழியில் டிப்ளமோ, கோவைத் தனியார் கல்லூரி ஒன்றின் டிகிரி, டவுனில் போர்டு மாட்டியிருக்கும் ஆறு மாத சர்டிஃபிகேட்.

ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டாள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி வேலந்தாவளம் தாண்டினால் வந்துவிடுகிறதே, அங்கே ஏன் கூடாது? கூடாது என்று இல்லை, கிடைக்காது. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் அரசு இடம் வேண்டுமென்றால் அந்த மாநிலத்து இருப்பிடச் சான்று வேண்டும். சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) நமக்கு வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளம். பள்ளிப் படிப்பும் இங்கேயே முடித்தவளுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே நாலுதான்.

ஆறு மாத சர்டிஃபிகேட்டை முதலில் கிழித்துவிடலாம். எக்ஸ்ரே இயக்குபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்வது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பிளஸ் டூவில் அறிவியல், அதற்கு மேல் குறைந்தது ஒரு வருட ரேடியோகிராஃபி படிப்பு, அதில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. இதற்குக் கீழே எது வைத்திருந்தாலும் மெஷினைத் தொடக்கூடாது. அந்த நோட்டீஸில் 'அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன்' என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபமே வந்தது. 1994-ம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்க்கத் தகுதி பெற்ற டாக்டருக்குத்தான் அனுமதி. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பிள்ளை எந்த ஸ்கேன் அறையில் போய் உட்காரும்?

சரி, டிகிரியா டிப்ளமோவா? கேரளத்தில் இரண்டுக்கும் விண்ணப்பம் எல்.பி.எஸ். சென்டர் என்கிற கேரள அரசு அமைப்பு வழியாகத்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கை வைத்து ரேங்க் போடுகிறார்கள், நீட் இல்லை. டிகிரியின் பெயர் பி.எஸ்.சி. மெடிக்கல் ரேடியாலஜிக்கல் டெக்னாலஜி. பயிற்சியோடு சேர்த்து நாலு வருடம்.

நான் டிப்ளமோக்காரன். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கும் டிகிரிக்காரனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஆளை நிறுத்தி, தோளை முன்னால் தள்ளச் சொல்லி, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் பார்த்துக்கொள்கிற வேலையில் சான்றிதழுக்கு என்ன இடம்? வித்தியாசம் எட்டாவது வருடம் தெரிந்தது. சி.டி.யில் நான் பழக்கிவிட்ட பையன் டிகிரியைக் காட்டி இன்-சார்ஜ் ஆனான். லீவு லெட்டரை அவனிடம் நீட்ட வேண்டி வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பையன் நல்லவன், தப்பு அவனுடையது இல்லை. எம்.எஸ்.சி. படிக்கலாம் என்று அப்போது விசாரித்தேன். டிகிரி இல்லாமல் அதற்கு வழியில்லை.

இனிமேல் இந்த இடைவெளி கூடத்தான் செய்யும். 2021-ல் வந்த துணைமருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறது: குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு ஒரு அடுக்கு, குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட டிகிரி இன்னொன்று. மூன்று வருடத்தில் சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்கிற நிலையில் உள்ள குடும்பத்துக்கு அரசு டிப்ளமோ கௌரவமான வழி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அக்கா வீட்டில் அந்த நெருக்கடி இல்லை.

கோவைத் தனியார் டிகிரிக்கு வருவோம். அரசுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் என்றால் இங்கே நாலு வருடத்துக்கு லட்சக்கணக்கில். தமிழில் பேசலாம், வீடு பக்கம், ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்து அழ வேண்டியதில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அதோடு ஒட்டிய ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வரிசை இருக்கிறதா? சொந்த சி.டி., எம்.ஆர்.ஐ. இருக்கிறதா, வெளி சென்டருக்குச் சீட்டு எழுதுகிறார்களா? ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினைத் தியேட்டரில் ஓட்ட மாணவனை விடுகிறார்களா? நோயாளி வராத ஆஸ்பத்திரியில் நாலு வருடம் படித்தவன் உடைந்த இடுப்பைப் புரட்டாமல் படம் எடுக்கத் தெரியாமல்தான் வெளியே வருவான்.

இன்னொன்றும் பாருங்கள். மாணவர்கள் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கிறதா? லெட் ஏப்ரனுக்கு (ஈயக் கவச உடைக்கு) உள்ளே மார்பு உயரத்தில் குத்தியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். பேட்ஜ் தராத இடத்தில் ஃபீஸ் கட்டாதீர்கள். பெண் பிள்ளை என்றால் "கதிர் பட்டா குழந்தை பிறக்காதாமே?" என்று ஒரு அத்தை கட்டாயம் கேட்பாள். வேலை செய்பவருக்கு வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு 1-க்குள் இருக்கும்படி வேலையை மாற்றித் தர வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒழுங்காக நிற்பவருக்கு இந்த எண்களின் பக்கத்தில் போகிற வேலையே வராது.

மொழிக்காகக் கோவை என்கிற வாதத்தை நான் ஏற்பதில்லை. பாலக்காட்டுப் பக்கம் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவரிடம் மலையாளத்தில் "சுவாசம் வலிச்சு பிடிக்கூ" என்றேன், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி. "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இருமல்தான்" என்று மூச்சை விட்டுவிட்டார். படம் ஆடிப்போய் மறுபடி எடுத்தேன். இரண்டு மொழியும் தெரிந்த கைக்கு இந்த எல்லையோரத்தில் எங்கேயும் வேலை உண்டு. கேரளத்தில் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதி அரசு ரேடியோகிராஃபர் ஆக நினைத்தாலும் மலையாளச் சூழலில் நாலு வருடம் இருந்தது வீண் போகாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ரேடியோகிராஃபி முடித்தவர்களுக்கென்றே மேல்நிலை இமேஜிங் டிப்ளமோ இருக்கிறது. மூளை, இதய ஸ்கேனில் கை தேற அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்ஃப் கனவும் அப்புறம் அங்கிருந்தே தொடங்கலாம். அங்கே லைசன்ஸ் தருவதற்கு முன் படித்த இடத்துக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

ஆகவே என் வரிசை: எல்.பி.எஸ். டிகிரி, அது விழாவிட்டால் நோயாளி நிறைய வருகிற கோவைக் கல்லூரி, பணம் முட்டினால் அரசு டிப்ளமோ. அக்கா மகள் ஆப்ஷனையும் அப்படியே கொடுத்துவிட்டாள். அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கோவை என்றால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாமே என்கிறாள். முதல் வருடம் வரலாம். நைட் டூட்டி போட ஆரம்பித்த பிறகு எந்த பஸ்ஸில் வருவாள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.