அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் யார் முதலிடம்: ஸ்டான்ஃபோர்டா, டெக்சஸா, யூசிஎல்ஏவா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டுதான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அவர்களுடைய ஃபுட்பால், அப்புறம் ஆண்கள் கூடைப்பந்து. டிவி பணமும் பெரும்பாலும் அங்கேதான் புரள்கிறது. ஆனால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நீச்சல், டென்னிஸ், கோல்ஃப், துடுப்புப் படகு, வாட்டர் போலோ, மல்யுத்தம் என்று இருபது முப்பது அணிகள் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் யார் பெரியவர் என்று கேட்டால் சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும்: ஸ்டான்ஃபோர்டு, டெக்சஸ், லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ, அதே ஊரின் யூஎஸ்சி, கொஞ்சம் தள்ளி நார்த் கரோலினா. எந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப ஆள் மாறும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நழுவப்போவதில்லை. எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது.

முதல் கணக்கு எளிது. கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ நடத்தும் சாம்பியன்ஷிப்புகளில் அணியாக வென்ற பட்டங்களை எண்ணுவது. ஸ்டான்ஃபோர்டு 130ஐத் தாண்டிவிட்டது. யூசிஎல்ஏ 120க்கு மேல், யூஎஸ்சி 110க்கு மேல். நூறைத் தாண்டியவை இந்த மூன்றும்தான், மூன்றும் கலிஃபோர்னியா. நூறை முதலில் தொட்டது யூசிஎல்ஏ, 2007இல், பெண்கள் வாட்டர் போலோவில். அந்த நூறுக்கு அடித்தளம் போட்டவர்களில் பெரியவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடன். 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள், இடையில் தொடர்ச்சியாக 88 வெற்றிகள். இன்றைய போட்டிச் சூழலில் இதை யாரும் நெருங்கக்கூட முடியாது. ஸ்டான்ஃபோர்டின் சாதனை வேறு மாதிரி. 1976–77 தொடங்கி, ஏதாவது ஒரு விளையாட்டில் ஒரு பட்டமாவது வாங்காமல் ஒரு கல்வியாண்டும் போனதில்லை. பெண்கள் டென்னிஸில் மட்டும் 20 பட்டங்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, நாடே பார்க்கும் மேல்மட்ட ஃபுட்பால் இதில் சேராது. அந்தப் பட்டத்தை என்சிஏஏ வழங்குவதே இல்லை. முன்பு பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்களின் ஓட்டெடுப்பு. 2014இலிருந்து முன்னணி அணிகள் சில மோதும் தனி பிளேஆஃப். பயிற்சியாளர் நிக் சேபன் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வாங்கிக்கொடுத்த ஆறு தேசியப் பட்டங்களுக்கும் இந்தப் பட்டியலில் மதிப்பு பூஜ்யம். அலபாமா ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அவருடன் வேறு பேச்சு நடக்காது.

இன்னொன்று, எல்லாப் பட்டமும் ஒரே எடையில்லை. வாட்டர் போலோவில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் கலிஃபோர்னியாவுக்கு வெளியே எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை பட்டம் வென்றதில்லை. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நாடு முழுக்கச் சேர்த்தே ஏறத்தாழ 15 அணிகள்தான். 350க்கும் மேற்பட்ட அணிகள் முட்டி மோதும் கூடைப்பந்துப் பட்டமும் இதுவும் பட்டியலில் ஒன்றுக்கு ஒன்றுதான். ஸ்டான்ஃபோர்டு, யூசிஎல்ஏ, யூஎஸ்சி மூன்றும் இந்தச் சின்னக் களங்களில் நிறைய அறுவடை செய்தவை. அது தப்பில்லை, ஆனால் கணக்குப் பார்க்கும்போது மறக்கவும் கூடாது.

இரண்டாவது கணக்கு டைரக்டர்ஸ் கப். எல்லா விளையாட்டையும் சேர்த்து முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் தரும் கோப்பை. 1993–94இல் தொடங்கியது. ஒவ்வொரு விளையாட்டிலும் தேசிய அளவில் எந்த இடம் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சாம்பியனுக்கு 100, அது ஃபுட்பாலானாலும் சரி, வாள்வீச்சானாலும் சரி. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 19 விளையாட்டுகளை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். அதில் ஐந்து கட்டாயம்: பேஸ்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பெண்கள் கால்பந்து (நாம் ஆடும் கால்பந்து, அவர்கள் சாக்கர் என்பார்கள்), பெண்கள் வாலிபால். மீதி பதினான்கும் எவை நன்றாக வந்தனவோ அவை.

முதல் கோப்பை நார்த் கரோலினாவுக்கு. அடுத்த ஆண்டிலிருந்து 2018–19 வரை, தொடர்ந்து 25 முறை, ஸ்டான்ஃபோர்டு. கோவிட் காரணமாக 2019–20இல் கோப்பை வழங்கப்படவில்லை. அதற்குப் பிறகுதான் டெக்சஸ் உள்ளே நுழைந்தது. 2020–21, 2021–22 இரண்டும் டெக்சஸ், 2022–23 ஸ்டான்ஃபோர்டு, 2023–24, 2024–25 மறுபடியும் டெக்சஸ்.

அந்த 2022–23ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஃபுட்பால் அணி அந்த சீசனில் 12 ஆட்டங்களில் மூன்றுதான் ஜெயித்தது. (2021 முதல் 2024 வரை நான்கு சீசன்களும் இதே 3–9. இதிலும் ஒரு தொடர் சாதனை!) ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. ஆக, நாடு பார்க்கும் இரண்டு ஆட்டத்திலும் கோட்டை விட்ட பல்கலைக்கழகம், ஒட்டுமொத்தத்தில் நாட்டிலேயே முதலிடம். எப்படி என்றால், ஸ்டான்ஃபோர்டிடம் 36 அணிகள் இருக்கின்றன. ஃபுட்பால் கட்டாயப் பட்டியலில் இல்லாததால் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

டெக்சஸிடம் இருப்பவை 21 அணிகள். ஆண்கள் கால்பந்து கிடையாது, வாட்டர் போலோ கிடையாது, வாள்வீச்சு கிடையாது, ஜிம்னாஸ்டிக்ஸ் கிடையாது. 21இல் 19 கணக்கில் வர வேண்டும் என்றால் ஏறக்குறைய எல்லாமே நன்றாக ஆட வேண்டும். ஒளித்துவைக்க இடமே இல்லை. இருந்தும் ஐந்து கோப்பைகளில் நான்கு! பெண்கள் வாலிபாலில் 2022, 2023. துடுப்புப் படகில் 2021, 2022, 2024. பெண்கள் டென்னிஸில் 2021, 2022. 2025இல் சாஃப்ட்பாலில் முதல் பட்டம், அதே ஆண்டு ஆண்கள் நீச்சலிலும் ஒன்று. ஒரு சின்ன சலுகை எல்லாருக்கும் உண்டு: கிராஸ் கன்ட்ரி ஓட்டம், உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் மூன்றும் தனித்தனி விளையாட்டாக எண்ணப்படும். ஒரே ஓட்டக்காரர் மூன்று இடத்தில் உதவலாம். டெக்சஸ் தடகளத்தில் நிறையச் செலவு செய்வதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இந்த இடத்தில்தான் என் முடிவு. முப்பது ஆண்டு மொத்தத்தையும் எடுத்தால் ஸ்டான்ஃபோர்டு, அதில் பேச்சுக்கே இடமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அங்கே படித்தவர்கள், படிப்பவர்கள் சேர்ந்து வாங்கிய பதக்கங்கள் 39. பல நாடுகளுக்கே அத்தனை கிடைக்கவில்லை. ஆனால் இறக்கிய அணிகளில் எத்தனை தேறின என்று பார்த்தால், கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் டெக்சஸ் செய்திருப்பதுதான் கடினமான வேலை. யூசிஎல்ஏ, யூஎஸ்சி இரண்டுக்கும் பழைய பெருமை அதிகம். நார்த் கரோலினா வேறு ரகம். ஆண்கள் கூடைப்பந்தில் ஆறு பட்டம், பெண்கள் கால்பந்தில் 22. அதில் 2024இல் வந்த கடைசிப் பட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் ஆன்சன் டோரன்ஸ் என்ற ஒரே பயிற்சியாளர் காலத்தில் வந்தவை. சில துறைகளில் அசைக்க முடியாது, மற்றவற்றில் பரவாயில்லை ரகம்.

டெக்சஸ் பக்கம் ஒரு குற்றச்சாட்டு எப்போதும் உண்டு: காசு. உண்மைதான். ஆஸ்டினில் இருக்கும் அவர்களுடைய ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். அந்த வருமானம்தான் படகுக்கும் நீச்சலுக்கும் போகிறது. ஸ்டான்ஃபோர்டுக்கு ஃபுட்பால் அப்படிக் கொட்டிக்கொடுப்பதில்லை; நன்கொடையாளர்களின் அறக்கட்டளை நிதியில் நிற்கிறது. அதுவும் ஆட்டம் கண்டது. 2020 ஜூலையில் வாள்வீச்சு, மல்யுத்தம், ஆண்கள் வாலிபால் உள்ளிட்ட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்ற மாணவர், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கி மல்யுத்தத்தில் தேசிய சாம்பியனானார். பழைய மாணவர்களும் விடவில்லை. 2021 மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது.

இப்போது எல்லாருக்கும் ஒரு புதிய நெருக்கடி. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த சமரச ஒப்பந்தத்தின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் வருமானத்திலிருந்து நேரடியாக வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம்; 2025–26க்கு வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகும் என்பது ஊரறிந்த விஷயம். அதே ஆண்டு மார்ச்சிலேயே, இந்தச் செலவை முன்னிட்டு கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியைக் கலைத்துவிட்டது. 36 அணி வைத்திருப்பது இதுவரை ஸ்டான்ஃபோர்டுக்குப் பலமாக இருந்தது. இனி அதுவே சுமையாகலாம். டெக்சஸ் மாதிரி குறைவான அணி, கொழுத்த வருமானம் என்ற அமைப்புக்கு இந்தக் காலம் தோதாக இருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கும் இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன், விர்ஜினியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். ஆனால் டென்னிஸில் அணிப் பட்டத்துக்குத் தனிப் போட்டி. அவர் பட்டங்கள் அந்தக் கணக்கில் சேராது. விர்ஜினியா அணிப் பட்டத்தை முதன்முதலில் 2013இல்தான் வென்றது. தடகளம் அப்படியில்லை. டெல்லித் தமிழரான தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018, 2022இல் உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றபோது, ஒவ்வொரு முறையும் அணிக்கு 10 புள்ளிகள் சேர்ந்தன.

பிள்ளைகளை விளையாட்டு வழியாக அங்கே சேர்க்க நினைக்கும் நம்மவர்கள் சிலர் இந்த மொத்தத் தரவரிசையைப் பார்த்துக் கல்லூரி தேடுகிறார்கள். அது உதவாது. வாள்வீச்சு என்றால் டெக்சஸில் அணியே இல்லை. நோட்டர் டேம், பென் ஸ்டேட், கொலம்பியா என்று பார்க்க வேண்டும். மல்யுத்தத்துக்கும் பென் ஸ்டேட்தான். 2011 முதல் 2025 வரை அங்கே 12 பட்டங்கள். வாலிபால் பெண்ணுக்கு நெப்ராஸ்கா. 2023 ஆகஸ்டில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க ஃபுட்பால் மைதானத்தில் 92,003 பேர் கூடினார்கள். அப்புறம், புதிய ஒப்பந்தத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே வரம்பு வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து மெல்ல இடம்பிடிக்கும் பழைய வழி குறுகிவிட்டது. பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஆண்டு எத்தனை இடம் காலியாகிறது என்பதைத்தான்.