அவர் என்னை எச்சரித்தார், அதனாலேயே நம்பினேன்: 48,600 போன கதை

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் மாலை இருபத்தைந்தே நிமிடத்தில் என் கணக்கிலிருந்து 48,600 போய்விட்டது. யாரும் உள்ளே புகுந்து எடுக்கவில்லை. நானே என் விரலால் அனுப்பினேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு பெரிய தளம், பெயர் வேண்டாம். அதில் வாங்கிய ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை. திருப்பி அனுப்பிப் பதினோரு நாளாகியும் 1,240 வந்து சேரவில்லை. செயலிக்குள் உதவி எண் எங்கேயும் கிடையாது. ஒரு சாட்பாட் மட்டும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். வெறுத்துப்போய்த் தேடுபொறியில் தளத்தின் பெயரோடு 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தட்டி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அதன் மேல் சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டேன். ஆனால் இங்கே அழைத்தது நான். நாமே தேடிப்போய் அழைத்த ஆளிடம் சந்தேகம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பேசியவர் அவசரமே படவில்லை. பின்னால் கால்சென்டர் இரைச்சல். முதலில் சொன்னது இதுதான்: "மேடம், இப்போதெல்லாம் மோசடி நிறைய நடக்கிறது. ஓடிபி, பின் நம்பர் எதையும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் கேட்கவே மாட்டோம்."

அங்கேதான் விழுந்தேன். பூட்டைச் சரியாகப் போடுங்கள் என்று திருடன் சொல்வானா? அந்த ஒரு வாக்கியத்தில் அவரை என் பக்கத்து ஆளாக்கிக்கொண்டேன். கடைசி வரை அவர் ஓடிபி கேட்கவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் பாருங்கள்!

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். ஆர்டர் எண்ணைப் படியுங்கள். பெட்டி எந்த நிறம்? கையில் வைஃபையா, டேட்டாவா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, அடுத்ததற்கு மறுப்பது கூச்சமாகிவிடுகிறது. முதலில் சின்ன ஒப்புதல் வாங்கிவிட்டால் பெரியதும் தானே வரும் என்று ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1984இலேயே எழுதிவைத்துவிட்டார். எனக்கு இது தெரியும் என்பதுதான் கொடுமை. ஆறு வாரம் முன்பு அலுவலகத்தில் நடந்த பாதுகாப்புப் பயிற்சியில் அந்த ஆளின் பெயரே ஸ்லைடில் வந்தது. வினாடி வினாவில் எனக்குப் பத்துக்குப் பத்து.

பிறகு ஒரு செயலியை நிறுவச் சொன்னார். திரையைப் பகிரும் செயலி. 'உங்கள் திரையில் உள்ளவை அனைத்தும் மற்றவருக்குத் தெரியும்' என்று எச்சரிக்கை வந்தது. "அது எல்லாருக்கும் வருவதுதான் மேடம்" என்றார். ஆமாம், வருவதுதானே என்று அனுமதித்தேன். ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே மூளையின் காட்சிப் பகுதி அதைக் கவனிப்பது சட்டென்று குறைகிறது என்று பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2015இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்றிரவு தூக்கம் வராமல் படித்தேன். அந்த மாதிரிப் பெட்டியை நான் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை மூடியிருப்பேன்?

"பணம் வந்துவிட்டதா என்று வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள்." திறந்தேன். இருப்பு 48,912. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். (இதற்கு மேல் 'அவர்' போட மனம் வரவில்லை.) இரண்டு நொடி மௌனம். பிறகு நிதானமாகச் சொன்னான்: "பணம் திரும்ப வர ஒரு சரிபார்ப்புக் குறியீடு போட வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். நான்கு, எட்டு, ஆறு, பூஜ்யம், பூஜ்யம்."

ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னதால் அது தொகையாகக் காதில் விழவில்லை. தொகை என்ற கட்டத்துக்குள்தான் போடுகிறேன் என்பது கண்ணில் படவில்லை. பின் நம்பர் அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. "வாழ்த்துகள் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மிச்சம் 312.

கொஞ்ச நேரம் திகைத்து உட்கார்ந்துவிட்டு வங்கியை அழைத்தேன். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு கிடைத்த பதில்: "நீங்களே அனுப்பியது மேடம். எங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை." அந்தத் தளமோ, "நீங்கள் அழைத்தது எங்கள் எண் இல்லை" என்றது. சரி, உங்கள் எண் எது என்று கேட்டேன். 'செயலியில் சாட் மூலம் தொடர்புகொள்ளவும்.' புகார் எண் கொடுத்தார்கள். காலையில் பார்த்தால் அதன் பக்கத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று நிற்கிறது. யாருக்குத் தீர்ந்தது? தேடுபொறிக்காரர்கள் ஒரு படிவம் நிரப்பச் சொல்லி நன்றி தெரிவித்தார்கள். அதே விளம்பரம், அதே எண், இன்று காலையும் முதலிடத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாந்து தானே அனுப்பிய பணத்தையும் பெரும்பாலும் வங்கிகள் ஈடுகட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எனக்கு வாய்த்த வங்கிக்கு 'நீங்களே அனுப்பியது' என்ற இரண்டு சொல் போதுமாக இருக்கிறது. 48,600க்கு இரண்டு சொல்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், முடியவில்லை. இன்னும் மூன்று கணக்குக்குக் கடவுச்சொல் மாற்ற வேண்டும். இவ்வளவுதான்: உதவி எண்ணைத் தேடுபொறியில் எடுக்காதீர்கள். யார் சொன்னாலும் திரையைப் பகிர்ந்துகொண்டு வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். உங்களுக்குப் பணம் வர பின் நம்பர் போட வேண்டியதில்லை. நடந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தே நான் கால்மணி நேரம் தொலைத்தேன்.

அப்புறம் ஒன்று. நேற்று மாலை தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார்: 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம். சிறு முன்பணம் மட்டும் போதும்.' இவ்வளவுக்குப் பிறகும் என் விரல் அந்தச் சுட்டியின் மேல் ஒரு நொடி நின்றது.