இரண்டு விலைப்புள்ளிகள், ஒரு சூடான பூட்டு

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் இருக்கும் எங்கள் கூட்டுரிமைக் குடியிருப்பின் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு வயது பன்னிரண்டு. மாற்ற வேண்டிய நேரம்தான். நிர்வாகக் குழுவின் மேசைக்கு இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. முதலாவதன் அட்டையில் பெரிய பச்சை இலை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ‘நீடித்த நிலைத்தன்மை’. இரண்டாவதில் நான்கே தாள்கள், இலை கிடையாது. எது உண்மையில் பசுமையானது என்று கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

இலைக்காரரின் யோசனை இது: கதவு திறக்க நாங்கள் காட்டும் அட்டைகளை ஒழித்துவிட்டு, முகத்தைக் காட்டினால் திறக்கும் கதவுகள், 40 கேமராக்களையும் கழற்றிவிட்டுப் புதியவை. ‘பிளாஸ்டிக் இல்லாத குடியிருப்பு’ என்பது அவரது முதல் பெருமை. ஓர் அட்டை ஐந்து கிராம். எங்களிடம் புழங்குவது சுமார் 600. ஆக, மூன்று கிலோ பிளாஸ்டிக்! அதை மிச்சப்படுத்த 14 கதவுகளிலும் இரவு பகலாக விழித்திருக்கும் திரைகள். அட்டை படிக்கும் கருவிக்கு ஓரிரண்டு வாட் போதும். முகம் பார்க்கும் திரைக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதோடு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் 29 கேமராக்களும் கழிவாகிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 1999 முதல் குப்பையை ஏற்றுவரும் செமாக்காவ் நிரப்பு நிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். இந்த நிலையில் மூன்று கிலோவைப் பெருமையாகப் பேசுவது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

இரண்டாமவர் பழுதான 11 கேமராக்களை மட்டும் மாற்றுகிறார். அட்டைகள் அப்படியே இருக்கும். அவர் கைவைக்கச் சொல்வது பூட்டுகளில்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் இரவு காவலாளி அண்ணனோடு சுற்றி வந்தேன். குப்பை அறைக் கதவருகே நின்றவர், “தம்பி, மேலே கையை வைத்துப் பாருங்கள்” என்றார். கதவின் தலைமாட்டில் இருந்த மின்காந்தப் பூட்டு வெதுவெதுவென்று இருந்தது. மின்சாரம் இருக்கும்வரைதான் அது கதவைப் பிடித்திருக்கும். யாருமே வராத நடுநிசியிலும் 12 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 6 வாட் குடித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு பூட்டுக்கு 52 யூனிட்டுக்குச் சற்று மேல். மாற்றாக இரண்டாமவர் சொல்வது கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின்தாழ். அட்டையைக் காட்டும் சில நொடிகளுக்கு மட்டும் அதற்கு மின்சாரம் போதும்.

ஆனால் எல்லாக் கதவுக்கும் இது ஒத்துவராது. கண்ணாடிக் கதவில் தாழ் பதிக்க இடமில்லை. அங்கே காந்தமே கதி. தீ விபத்தின்போது உள்ளிருப்பவர் தடையின்றி வெளியேற வேண்டும் என்பதும் இருக்கிறது. மின்காந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் தானே விட்டுவிடும். தாழ் போட்ட கதவிலோ, உட்புறக் கைப்பிடி மின்சாரமே இல்லாமல் எப்போதும் திறக்கும்படி இருந்தாக வேண்டும். எங்கள் 14 கதவுகளில் இரும்புக் கதவுகள் ஒன்பது. மிச்சம் ஆண்டுக்கு 470 யூனிட். பரவாயில்லை, அவ்வளவுதான்.

உண்மையான பணம் உடற்பயிற்சிக் கூடத்தில் கரைந்துகொண்டிருந்தது. காலை ஆறு முதல் இரவு பத்துவரை இரண்டு குளிர்சாதனங்கள், சேர்ந்து சுமார் 3 கிலோவாட். கதவின் அட்டைப் பதிவைப் புரட்டினால், ஆள் நடமாட்டம் நாளுக்கு ஆறு மணி நேரம்தான். மீதிப் பத்து மணி நேரமும் ஓட்டப் பொறிகளுக்குக் குளிரூட்டியிருக்கிறோம்! அட்டை காட்டினால் இயங்கி, ஆளில்லாவிட்டால் நிற்கும்படி கதவையும் குளிர்சாதனத்தையும் இணைத்தால், ஆண்டுக்கு 11,000 யூனிட் மிச்சம். ஒன்பது பூட்டுகளின் சேமிப்பைப்போல் 23 மடங்கு. இங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் பிறக்கிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு. அப்படியென்றால் நான்கு டன்னுக்கு மேல். இருவருமே இந்த இணைப்பைத் தருகிறார்கள். இலைக்காரர் அதைக் கடைசிப் பக்கத்தில், மாதச் சந்தாவோடு, ‘விருப்பத் தேர்வு’ என்று ஒளித்து வைத்திருந்தார்.

அவருக்கும் ஒரு மதிப்பெண் தர வேண்டும். அவருடைய புதிய கேமராக்கள் மங்கலான வெளிச்சத்திலும் வண்ணத்தில் பதிவுசெய்கின்றன. ஆளில்லாதபோது வாகன நிறுத்துமிட விளக்குகளைத் தணித்து வைக்க இது உதவும். பழையவையோ இருட்டில் கறுப்பு வெள்ளைக்குப் போய்விடும், காரின் நிறம்கூடத் தெரியாது. முகப் பதிவு மட்டும் எனக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. அட்டை தொலைந்தால் வேறு அட்டை கொடுக்கலாம். முகத்தின் பதிவு கசிந்தால் வேறு முகத்துக்கு எங்கே போவது?

இரண்டாமவரையே பரிந்துரைத்தேன். புதிதாக வாங்கும் 11 கேமராக்களில் நான்கை மட்டும் மங்கலிலும் பார்க்கும் வகையாக, வாகனச் சரிவுப் பாதைக்கு வாங்கச் சொன்னேன். குழு ஒப்புக்கொண்டது.

கூடத்தின் இணைப்பை முதலில் பொருத்தி ஒரு வாரம் சோதித்தோம். வெளியே போகிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதால், கடைசி ஆள் எப்போது போனார் என்று கதவுக்குத் தெரியாது. எனவே கூரையில் அசைவு உணரி. மூன்றாம் நாளே புகார் வந்தது. நான்காம் மாடி அக்கா சவாசனத்தில் அசையாமல் படுத்திருந்தபோது குளிர்சாதனம் நின்றுவிட்டதாம். பத்து நிமிடமாக இருந்த காத்திருப்பை இருபத்தைந்தாக மாற்றியிருக்கிறோம்.