ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் துத்தநாக டொமைன்: படிகமா, கரைசலா?

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்து, டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்குகிற மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்பா, 595 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதில் டிஎன்ஏவைத் தேடிப் பிடிக்கிற வேலை நடுவில் இருக்கும் சுமார் 80 அமினோ அமிலங்களுக்குத்தான். இந்தச் சின்ன டொமைனில் (தனியாக மடியும் புரதத் துண்டு) எட்டு சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) நான்கு நான்காகச் சேர்ந்து இரண்டு துத்தநாக அயனிகளைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டால் மடிப்பே குலைந்துபோகும்.

புரத வடிவத்துக்கு, அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் படிகவியல் நல்லதா, கரைசலில் இருக்கும் அதன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் பேசவைக்கும் என்எம்ஆர் நல்லதா என்ற பழைய வாதத்துக்கு இதைவிட வாகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கேம்பிரிட்ஜின் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஷ்வாபே, நியூஹவுஸ், ரோட்ஸ் ஆகியோர் 1990-இல் இதை என்எம்ஆரில் பார்த்தார்கள்: தண்ணீரில், டிஎன்ஏ இல்லாமல், தனியாக. 1993-இல் அதே ஆய்வகம் அதே டொமைனை டிஎன்ஏவோடு சேர்த்துப் படிகமாக்கி, 2.4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் பார்த்தது (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு).

மையப் பகுதியில் சண்டையே இல்லை. இரண்டு ஆல்பா சுருள்கள் ஏறத்தாழ செங்குத்தாக ஒன்றையொன்று கடக்கின்றன. நடுவில் நீரை வெறுக்கும் பக்கத் தொடர்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. இரண்டு துத்தநாகப் பகுதிகளும் தனித்தனி விரல்களாக நிற்காமல் ஒரே உருண்டையாக மடிகின்றன. 30 அமினோ அமிலத்துக்கு ஒன்றாக, தனித்தனியே மடிந்து வரிசையாகத் தொங்கும் வழக்கமான துத்தநாக விரல்களிலிருந்து இது வேறு சாதி. இதை இரண்டு முறைகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன.

துத்தநாகம் என்று வந்தால் கதை மாறுகிறது. என்எம்ஆர் அடிப்படையில் தருவது எந்த ஹைட்ரஜன் எந்த ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில், சுமார் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறது என்ற பட்டியல். துத்தநாகத்தில் ஹைட்ரஜன் கிடையாது. அதன் ஐசோடோப்புகளில் என்எம்ஆருக்கு ஓரளவாவது பேசக்கூடிய துத்தநாகம்-67 இயற்கையில் 4 சதவீதம்தான், அதுவும் முணுமுணுப்புதான். ஆகவே என்எம்ஆர் படத்தில் துத்தநாகம் இருக்கும் இடம் நேரடியாகக் கண்டது அல்ல, சிஸ்டீன்களின் நிலையிலிருந்து கணக்குப் போட்டு வைத்தது. துத்தநாகத்துக்குப் பதில், என்எம்ஆருக்கு நன்றாகப் பேசும் காட்மியம்-113 ஏற்றிப் பார்க்கும் சாமர்த்தியமான வழி ஒன்று உண்டு. ஆனால் அப்போது நாம் பார்ப்பது காட்மியத்தை.

படிகத்திலோ துத்தநாகம் தானாகவே முன்னால் வந்து நிற்கும். எக்ஸ்ரேயைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள்; கார்பனுக்கு 6 எலக்ட்ரான், துத்தநாகத்துக்கு 30. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற பெரிய புள்ளி அதுதான். சந்தேகம் இருந்தால் சின்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்ரே மூலத்தில் அலைநீளத்தை 1.28 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த உலோகம் மட்டும் காட்டும் சமிக்ஞையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். துத்தநாகத்துக்கும் சிஸ்டீனின் கந்தகத்துக்கும் இடையே 2.3 ஆங்ஸ்ட்ராம் அளவில் தூரம் வரவேண்டும். ரொம்பத் தள்ளி வந்தால் நாம் கட்டிய வடிவத்தில் ஏதோ கோளாறு. உலோகத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு படிகத்துக்குத்தான்.

அப்புறம், அசைவு. 1990 படத்தில் இரண்டாவது துத்தநாகத்தை ஒட்டிய ஒரு பகுதி சரியாகத் தெளியவில்லை. ஒரே தரவுக்குப் பொருந்தும்படி கணக்கிட்ட பல அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுருள்கள் கச்சிதமாகப் பொருந்தும், அந்த வளைவு மட்டும் ஆளுக்கொரு திசையில் விரிந்து நிற்கும். தரவு போதவில்லை, முறை சொதப்பிவிட்டது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் குறை சொல்ல முடியாது. 1993 படிகம் வந்தபோது அதே வளைவு ஒழுங்காக, உறுதியாக நின்றது. இரண்டு ஏற்பி டொமைன்கள் டிஎன்ஏ மேல் ஜோடியாக உட்காரும்போது ஒன்றையொன்று தொடுகிற இடமே அதுதான். டிஎன்ஏ இல்லாத கரைசலில் இந்த டொமைன் தனி ஆள். தொட ஜோடி இல்லாததால் அந்தப் பகுதி ஆடிக்கொண்டிருந்தது. டிஎன்ஏவில் ஏறியதும் உறைந்தது. படிகத்தை மட்டும் பார்த்தவருக்கு அது எப்போதும் அப்படியே விறைப்பாக இருப்பதாகத்தான் தோன்றும். என்எம்ஆரின் மங்கலில்தான் இந்தச் செய்தி இருந்தது.

படிகம் ஏமாற்றவும் செய்யும். 1991-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் சிக்லர் குழுவினர், இதன் நெருங்கிய உறவினரான குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் டொமைனை டிஎன்ஏவோடு படிகமாக்கினார்கள். இயற்கையில், ஜோடி ஆளுக்கொன்றாகப் பிடிக்கும் இரண்டு டிஎன்ஏ அரைத் தளங்களுக்கும் நடுவே 3 காரஇணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) இடைவெளி. ஒரு படிகத்தில் அவர்கள் வைத்தது 4. விளைவு, ஜோடியில் ஒன்று தன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. மற்றது துணையின் கையை விடாமல் ஒரு காரஇணை தள்ளி, தப்பான எழுத்துகள் மேல் உட்கார்ந்தது. சரியான பிடியும் தவறான பிடியும் ஒரே படத்தில் கிடைத்தது அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்த இடைவெளி நாம் வைத்தது என்று தெரியாமல் பார்ப்பவருக்கோ அது பொறி.

இரண்டு முறைகளும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட, புரதத் தொடரின் திருகுகளுக்கான கோண வரைபடத்தில் அமினோ அமிலங்கள் அனுமதித்த பகுதிக்குள் விழுகின்றனவா என்று இன்றும் சோதிக்கிறார்கள். எங்கிருந்து வந்த அமைப்பானாலும் இந்தச் சோதனையில் விலக்கு இல்லை.

அமினோ அமில வரிசையிலிருந்தே புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரல் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2021-இல் வெளியான இரண்டாம் பதிப்பு உலோக அயனியை வைக்காது. ஆனால் நான்கு சிஸ்டீன்களும் துத்தநாகத்துக்கு இடம்விட்டு வட்டமாக நிற்பதைப் பல நேரம் சரியாகக் காட்டிவிடும். 2024-இன் மூன்றாம் பதிப்பு அயனியையும் வைக்கிறது. முதல் பார்வைக்கு இது போதும். ஆடுகிற வளைவைப் பற்றி மட்டும் அதன் படத்தை அப்படியே நம்பமாட்டேன்.

புதிதாக ஒரு துத்தநாக டொமைன் கைக்கு வந்தால் நான் என்எம்ஆரில்தான் தொடங்குவேன். 80 அமினோ அமிலம் அதற்கு லகுவான அளவு. நைட்ரஜன்-15 ஏற்றிய மாதிரியில் ஏறத்தாழ ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒரு புள்ளியாகத் தெரியும் இருபரிமாண நிறமாலை எடுத்து, அப்புறம் உலோகத்தைப் பிடுங்கும் ஈடிடிஏ சேர்த்து இன்னொன்று எடுத்தால், பரவலாகச் சிதறியிருந்த புள்ளிகள் நடுவில் குவிந்துவிடும். மடிப்பு துத்தநாகத்தை நம்பித்தான் நிற்கிறது என்பது அங்கேயே தெரியும். அதற்கு முன்னால் செல்லை உடைக்கும்போது, புரதத்தை வெட்டும் நொதிகளை அடக்கப் போடுகிற புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை ஈடிடிஏ இல்லாத வகைதானா என்று டப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது நிறமாலையே முதலில் வந்துவிடும். படிகத்துக்குப் போகும்போது டிஎன்ஏவில் ஒரே இடைவெளியோடு நிற்காமல் இரண்டு மூன்று இடைவெளிகளை முயல்வேன். யேல் குழுவின் 4 காரஇணை அதற்குப் போதுமான காரணம்.